தாது வருஷப் பஞ்சம் நமக்குச் சொல்வது என்ன?

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



வழக்கமாக இந்த நேரத்தில் விதைநேர்த்தி, மேலுரம், பூச்சி மருந்து என்று பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் பழைய கதை பேசலாம் என்று இருக்கிறேன். "பழங்கதை எதுக்குங்க, மழைக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று நீங்கள் கேட்கலாம். மழைக்கு வழி என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. ஆனால் மழை இல்லாத வருஷத்திலும் வீட்டு அடுப்பு எரிவதற்கு என்ன வழி என்பது இந்தப் பழைய கதைக்குள்ளே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

ஒருத்தர் சாப்பாட்டைக் கண்டதும் பறந்தால், "தாது வருஷத்துப் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி" என்று சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீங்க. அந்தத் தாது வருஷம் என்பது 1876-ம் ஆண்டு சித்திரையில் பிறந்தது. அடுத்து வந்த ஈஸ்வர வருஷமும் பஞ்சத்திலேதான் போயிற்று. இத்தனை காலம் கழிந்தும் அந்த வருஷத்தின் பெயர் நம் வாயில் இருக்கிறது என்றால், பட்ட பாடு அப்படி.

இரண்டு ஆண்டு, ஒரே மழை

முதலில் ஒரு கணக்கைக் கேளுங்கள். நம் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டி, சராசரியாக 440 மில்லிமீட்டர் மழை கிடைக்க வேண்டும். 1876-ம் ஆண்டில் கிடைத்தது சுமார் 163 மில்லிமீட்டர். அதற்குப் பிறகு 140 ஆண்டுகள் அவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் வரவில்லை. 2016-ம் ஆண்டில்தான் வந்தது. அந்த ஆண்டில் பெய்தது சுமார் 168 மில்லிமீட்டர்.

இரண்டு ஆண்டுக்கும் வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர்தான். வானம் இரண்டு தடவையும் ஒரே மாதிரித்தான் கையை விரித்தது. ஆனால் 1876-ல் ஊர் ஊராக ஜனங்கள் மடிந்தார்கள். 2016-ல் பயிர் கருகியது, கிணறு வற்றியது, விவசாயி நொந்துபோனான். ஆனாலும் பசியால் ஊர் காலியாகவில்லை. இது எப்படி? இந்த 140 ஆண்டில் வானத்துக்கும் நம் சோற்றுப் பானைக்கும் நடுவே என்ன வந்து சேர்ந்தது? இதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தாது வருஷத்தில் மழை பொய்த்த பிறகு, அடுத்த 1877-ம் ஆண்டு ஆடி, ஆவணியும் ஏமாற்றியது. 2017-ல் அப்படி இல்லை, தென்மேற்குப் பருவம் கைகொடுத்தது. ஆகவே இரண்டும் அச்சு அசலாக ஒன்று இல்லை. ஆனால் மழையில் இருந்த வித்தியாசம் மட்டும் லட்சக்கணக்கான உயிர்களுக்குக் கணக்குச் சொல்லாது.

தாது வருஷத்தில் நடந்தது

அப்போது சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாட்டோடு ஆந்திரத்தின் பெரும்பகுதியும் சேர்ந்தது. 1876-ல் முதலில் பெல்லாரி, கர்நூல், கடப்பைப் பக்கம் தென்மேற்குப் பருவம் பொய்த்தது. பிறகு வடகிழக்குப் பருவமும் பொய்க்கவே சேலம், கோயம்புத்தூர், வடஆற்காடு, செங்கல்பட்டு எல்லாம் காய்ந்தன. காவிரி, கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்கள் மட்டும் ஆற்றுத் தண்ணீரால் தப்பின. அதாவது, பாசனம் உறுதியாக இருந்த இடம் பிழைத்தது. மழையை மட்டும் நம்பிய மேட்டுக்காடு மடிந்தது.

மழை வராது என்று தெரிந்த உடனே என்ன ஆயிற்று தெரியுமா? தானிய விலை சில வாரங்களில் இரண்டு மடங்கு ஆயிற்று. பிறகு பல ஊர்களில் மூன்று மடங்குக்குப் போயிற்று. அன்றைக்கு ரயில் வந்தாகிவிட்டது. ரயில் வந்ததால் பஞ்சம் வராது என்று பெரிய மனிதர்கள் நம்பினார்கள். ஆனால் ரயிலுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. எங்கே விலை கூடுதலோ அங்கே தானியம் ஓடும். காசு இல்லாத ஊரிலிருந்து காசு உள்ள ஊருக்குத்தான் மூட்டை போயிற்று.

காட்டு வேலை நின்றது. கூலிக்காரர் வீட்டில் முதலில் அடுப்பு அணைந்தது. அடுத்து அடிபட்டவர் நெசவாளர். ஜனங்கள் வயிற்றுக்கே வழியில்லாமல் இருக்கும்போது சேலை, வேட்டி யார் வாங்குவார்? அதற்கடுத்து சிறு விவசாயி. அவர் முதலில் நகையை விற்றார், பிறகு பாத்திரம், பிறகு மாடு, பிறகு விதைத் தானியம். கடைசியில் காட்டுக் கிழங்கும் கீரையும் புளியங்கொட்டையும் தின்றார்கள். அதுவும் தீர்ந்தபோது நடக்க ஆரம்பித்தார்கள். சென்னைப் பட்டணத்துக்கு நடந்தவர்கள் ஆயிரமாயிரம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி பின்னால் போனவர்களும், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறியவர்களும் ஏராளம்.

தானியம் இருந்தது, கையில் காசு இல்லை

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். தாது வருஷத்தில் நாட்டிலே தானியமே இல்லை என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாக அரிசி சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. 1877-ம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல அடுக்கியிருந்ததை ஹூப்பர் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி புகைப்படம் எடுத்திருக்கிறார். எலும்பும் தோலுமான பஞ்சத்து ஜனங்களையும் அவரே படம் எடுத்தார். இரண்டு படமும் இன்றைக்கும் இருக்கின்றன. மூட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்தது விலை.

அதுமட்டுமல்ல, பஞ்சம் நடந்த அந்தக் காலத்திலேயே இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் டன் கோதுமை ஏற்றுமதி ஆயிற்று. 1877-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்ரவர்த்தினி என்று அறிவிக்க வைசிராய் லிட்டன் பிரபு டில்லியில் பெரிய தர்பார் நடத்தினார். விருந்து பல நாள் நடந்தது. அதே மாதம்தான் சென்னை மாகாணத்தில் நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த ஓர் அதிகாரியை அனுப்பிவைத்தார்.

சென்னை அரசு தன் பொறுப்பில் 30,000 டன் தானியம் வாங்கி வைத்திருந்தது. மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. சர்க்கார் தானிய வியாபாரத்தில் தலையிடக் கூடாது, வியாபாரிகளே கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்பது அன்றைய கொள்கை. வியாபாரி கொண்டுவந்தார், மெய்தான். வாங்கத்தான் ஆள் இல்லை.

ஒரே அதிகாரி, இரண்டு பஞ்சம்

அந்த அதிகாரியின் பெயர் சர் ரிச்சர்டு டெம்பிள். இவர் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1873-74-ல் பீகாரில் மழை பொய்த்தபோது நிவாரணத்தை நடத்தியவர் இவர்தான். அப்போது பர்மாவிலிருந்து 4 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி தருவித்தார். தாராளமாக வேலை கொடுத்தார், இயலாதவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார். பீகாரில் பட்டினிச் சாவு மிகமிகக் குறைவு. ஆனால் அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை. காசை வாரி இறைத்துவிட்டார் என்று மேலிடத்திலும் லண்டன் பத்திரிகைகளிலும் திட்டுத்தான் கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து அதே டெம்பிள் நம் பக்கம் வந்தார். இந்தத் தடவை சிக்கனக்காரராக வந்தார். நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியத்துக்கான காசும் அதற்கு மேல் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அது வரைக்கும் ஒன்றரைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்து வந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கொடுத்தால் கூட்டம் கூடிவிடும் என்று, பத்து மைலுக்கு அப்பால் முகாமுக்குப் போனால்தான் வேலை என்ற நிபந்தனையும் வந்தது. பட்டினி கிடந்தவன் பத்து மைல் நடக்க வேண்டும்!

சென்னை மாகாணத்துச் சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். வேலை செய்கிற உடம்புக்கு இந்த அளவு போதாது, சிறையில் கைதிக்குக் கொடுக்கிறதைவிட இது குறைவு என்றார். முகாம்களில் சாவு எண்ணிக்கை ஏறியது. அவர் சொன்னது சரி என்று ஆனபிறகு 1877 நடுவில் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் காலரா, அம்மை, வயிற்றுப்போக்கு எல்லாம் நலிந்த உடம்புகளைத் தேடி வந்துவிட்டன. 1877-ம் ஆண்டு செப்டம்பர் வாக்கில் சென்னை மாகாணத்தில் 20 லட்சம் பேருக்கு மேல் நிவாரணத்தை நம்பி இருந்தார்கள்.

ஒரே மனிதர், மழை பொய்த்த இரண்டு இடங்கள். பீகாரில் ஜனங்கள் பிழைத்தார்கள், நம் பக்கம் செத்தார்கள். இதற்கு வானத்தைக் குற்றம் சொல்ல முடியுமா?

மழை வந்தும் சாவு நிற்கவில்லை

1877 ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தது. கஷ்டம் தீர்ந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். தீரவில்லை. மழையோடு விஷக்காய்ச்சல் வந்தது. தாங்க உடம்பில் தெம்பு இல்லை. ஈரம் இருந்தது, உழ மாடு இல்லை. தீவனம் இல்லாமல் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தன. மாடு வைத்திருந்தவரிடம் விதை இல்லை. ஆகவே நல்ல மழை பெய்த பிறகும் பஞ்சத்தின் வால் நீண்டுகொண்டே போயிற்று.

எவ்வளவு பேர் இறந்தார்கள்? பிறகு விசாரித்த பஞ்சக் கமிஷன், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டுமே 50 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டது. நமக்குப் புரிகிற மாதிரி ஒரு ஜில்லாவைச் சொல்கிறேன். சேலம் ஜில்லாவில் 1871-ம் ஆண்டு ஜனத்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் எண்ணியபோது சுமார் 16 லட்சம். பத்து ஆண்டில் ஜனத்தொகை கூட வேண்டும் இல்லையா? மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துபோயிருந்தது. செத்தவர், ஊரைவிட்டுப் போனவர், பிறக்காமலே போன பிள்ளைகள், எல்லாம் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

பஞ்சத்திலிருந்து பிறந்தவை

சர் ரிச்சர்டு ஸ்டிராச்சி தலைமையில் அமைந்த பஞ்சக் கமிஷன் 1880-ல் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு முக்கியமான உண்மை இருந்தது. மழை பொய்த்தால் முதலில் நிற்பது காட்டு வேலை, வேலை நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் கடையில் தானியம் இருந்தும் வாங்க முடியாது என்பதே அது. அதாவது, தானியத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஜனங்களின் கையில் வேலையும் கூலியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அறிக்கையை ஒட்டி 1883 வாக்கில் மாகாணங்களுக்குப் பஞ்ச நிவாரணச் சட்ட நூல்கள் வந்தன. எந்த அறிகுறி தெரிந்தால் எந்த அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்று அவற்றில் எழுதி வைத்தார்கள்.

நான் வேலை பார்க்கிற விவசாய இலாகாவுக்கும் இந்தப் பஞ்சத்தோடு உறவு உண்டு. மாகாணத்துக்கு மாகாணம் விவசாய இலாகா வேண்டும் என்று கமிஷன் சொல்லியது. சென்னையில் 1882-ல் இலாகா அமைந்தது. சென்னையில் ஓடுகிற பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டை வெட்டியது பஞ்சத்துக் கூலிகளே. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்த பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்புகிற பழைய யோசனைக்கு உயிர் வந்ததும் இந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான். 1887-ல் வேலை தொடங்கி, கர்னல் பென்னிகுக் அணையைக் கட்டி முடிக்க, 1895-ல் தண்ணீர் வந்தது. மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கம் அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிடுகிறவர்கள், தாது வருஷத்துக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறார்கள்.

2016-ல் நம்மைக் காத்தது எது?

இனி 2016-க்கு வருவோம். அந்த ஆண்டு மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்க முடியவில்லை. செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள். நம்பி விதைத்த சம்பா கண்ணெதிரே காய்ந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது.

ஆனால் அந்த மாதமும் ரேஷன் கடையில் அரிசி இருந்தது. 1965-ல் இந்திய உணவுக் கழகம் ஏற்பட்டது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் திறந்தது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 2011 ஜூன் முதல் குடும்ப அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லா அரிசி. நம் வயலில் விளையாவிட்டாலும், வேறு மாநிலத்தில் எப்போதோ விளைந்து கிடங்கில் இருந்த தானியம் நம் கடைக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் அடுக்கிய மூட்டைக்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம். இந்த மூட்டை ஏழை வீட்டு வாசலைத் தேடி வந்தது.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு. 1956-ல் காமராஜர் காலத்தில் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. கூலி வேலைக்கு, 2005-ம் ஆண்டுச் சட்டப்படி ஊரிலேயே 100 நாள் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. வறட்சியை முன்னிட்டு அதை 150 நாளாக உயர்த்துவதாக அரசு அறிவித்தது. பத்து மைல் நடக்கத் தேவையில்லை. நிலவரி தள்ளுபடி ஆயிற்று. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தார்கள்.

கூலி, கிடங்கு, கடை. இந்த மூன்றும்தான் வானத்துக்கும் சோற்றுப் பானைக்கும் நடுவே வந்தவை. பஞ்சக் கமிஷன் 1880-ல் எழுதியதை 2016-ல் நம் ஊர் செய்து காட்டியது என்று சொல்லலாம்.

அடைபடாத ஓட்டை

அப்படியானால் கவலை இல்லையா? இருக்கிறது. சாப்பாடு வந்தது, ஆனால் விவசாயியின் முதல் போனது போனதுதான். ஏக்கருக்குப் போட்ட உழவுக் கூலி, விதை, நடவு, உரம் எல்லாவற்றையும் கூட்டினால் நிவாரணம் அதில் ஒரு பங்கு. பயிர்க் காப்பீடு செய்தவருக்கும் பணம் கைக்கு வர நாளாயிற்று. மனமொடிந்து உயிர்விட்ட விவசாயிகளின் செய்திகள் அந்தக் குளிர்காலம் முழுக்க வந்துகொண்டே இருந்தன. அவர்கள் பசியால் சாகவில்லை. கடனாலும் கருகிய பயிரைக் கண்ட அதிர்ச்சியாலும் போனார்கள்.

இதில் அதிகம் அடிபட்டவர் குத்தகைக்காரர். பட்டா ஒருத்தர் பேரில், பாடு இன்னொருத்தர் பேரில். சேதக் கணக்கெடுக்க வயல் வயலாகப் போகிறபோது, வரப்பில் நிற்கிறவர் ஒருவர், காகிதத்தில் இருக்கிற பேர் வேறொருவர். நிவாரணம் காகிதத்தைப் பார்த்துத்தான் போகும்.

அடுத்தது மாடு. தாது வருஷத்தில் போலவே 2017 கோடையிலும் வைக்கோல் விலை ஏறி, மாட்டைப் பாதி விலைக்குச் சந்தையில் தள்ளிவிட்டவர்கள் உங்களிலேயே இருப்பீங்க. மனிதனுக்கு ரேஷன் கடை இருக்கிறது, மாட்டுக்கு இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

கிடங்கும் கடையும் அரசாங்கத்தின் வேலை. நம் கையில் உள்ளதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, ஏரியும் கண்மாயும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஏரியை மட்டும் தூர் வாரி வரத்துக்கால்வாயை விட்டுவிட்டால் சட்டியைக் கழுவி அடுப்பு மூட்டாமல் விட்ட கதைதான். ஆனி, ஆடியிலேயே வரத்துக்கால்வாயில் உள்ள சீமைக்கருவேலையும் ஆக்கிரமிப்பையும் பாருங்கள். மதகும் கலங்கும் சரியா என்று பாருங்கள். மழை தொடங்கியபிறகு ஓடிப் பயன் இல்லை.

இரண்டு, நிலம் முழுவதையும் ஒரே பயிரில் வைக்காதீங்க. நெல்லுக்கு ஆகிற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் கேழ்வரகு, கம்பு, வரகு, சாமை விளைந்துவிடும். கேழ்வரகும் வரகும் பூச்சி அரிக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கோயில் கோபுரக் கலசத்தில் வரகு போடுகிற வழக்கம் நம்மிடம் உண்டே! கலசத்தில் இருப்பது நம் குதிரிலும் கொஞ்சம் இருக்கட்டும்.

மூன்று, விதை. அடுத்த பட்டத்து விதையை எந்தக் கஷ்டத்திலும் தொடக் கூடாது. ஒரு பட்டம் பொய்த்தால் அடுத்ததற்கு, குறுகிய வயதுள்ள பயறு அல்லது சிறுதானிய விதை கொஞ்சம் தனியாகக் கட்டி வையுங்கள். மழை பிந்தி வந்தாலும் ஈரத்தைப் பிடித்துவிடலாம்.

நான்கு, தீவனம். நல்ல வருஷத்தில் சோளத்தட்டையையும் கடலைக்கொடியையும் வந்த விலைக்குத் தள்ளாமல் ஒரு போர் மிச்சம் வையுங்கள். வேலி ஓரத்தில் அகத்தி, சவுண்டல் நாலு மரம் நின்றால் கோடையில் பால்மாடு தப்பும்.

ஐந்து, காகிதம். காப்பீட்டுக்குக் கடைசித் தேதி வரை காத்திருக்காதீங்க. பருவம் பொய்க்கும் என்று தெரிந்தபிறகு எவரும் காப்பீடு தரமாட்டார்கள். குத்தகைக்குச் செய்கிறவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் தங்கள் சாகுபடி ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சான்று வாங்கி வையுங்கள். நிலம் விட்டவர்களும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். பயிர் போட்டவன் பேர் காகிதத்தில் ஏறினால் உங்கள் பட்டா எங்கேயும் போய்விடாது.

கடைசியாக ஒன்று. தாது வருஷத்தில் முதலில் அடுப்பு அணைந்தது கூலிக்காரர் வீட்டில். உங்கள் ஊரில் நடவும் களையும் அறுப்பும் நின்றுபோனால், முதலில் அந்தத் தெருவைப் பாருங்கள். கிராம சபைக் கூட்டத்தில் வேலை கேட்டுத் தீர்மானம் போடுங்கள். ரேஷன் கடையில் சரக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். மழை குறைந்த வருஷம் இனியும் வரும். அது பஞ்சமாக ஆகாமல் பார்த்துக்கொள்வது மனிதர் கையில் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள்.